தெருவில் சாய்ந்த மரத்திலிருந்து கடைசல் கட்டை எடுப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு

தெருவோரம் ஒரு மரம் விழுந்தாலோ வெட்டப்பட்டாலோ அதன் ஆயுள் அதற்கப்புறம் ஒன்றிரண்டு நாள்தான். போக்குவரத்துக்காக உடனே மூன்றடி மூன்றடியாகத் துண்டு போடுவார்கள், மறுநாள் லாரி வரும், பிறகு அது செங்கல் சூளைக்கோ டீக்கடை அடுப்புக்கோ போய்விடும். நாற்பது வருஷம் நிழல் கொடுத்த பூவரசு அப்படி எரிவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் அந்தக் கட்டையை முறையாக வாங்கி, லேத்தில், அதாவது கட்டையைச் சுழற்றி உளியால் கடையும் இயந்திரத்தில் ஏற்றி, கிண்ணமும் தட்டுமாகக் கடைய ஆரம்பித்தேன். மரம் கடைவதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். கட்டையை எப்படிச் சட்டப்படி கையில் வாங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை, ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டியது. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காகித வேலை மரம் விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விழுந்த பிறகு மனு எழுத உட்கார்ந்தால் மனுவுக்குப் பதில் வரும்போது மரம் சாம்பலாகியிருக்கும்.

1. மரம் யாருடையது?

தெருவில் கிடக்கிறது என்பதால் அது பொதுவில் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. அனுமதி இல்லாமல் தூக்கி வண்டியில் போட்டால் அது திருட்டு வழக்கு. "எல்லாரும்தான் விறகுக்கு எடுக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். சுள்ளி பொறுக்குகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள், டாடா ஏஸில் அடிமரம் ஏற்றுகிறவரை நிச்சயம் கேட்பார்கள்.

புதுச்சேரியில் உள்தெருக்களில் இருப்பது நகராட்சி மரம். அதிலும் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி என்று இரண்டு உண்டு, லாஸ்பேட்டை மரத்துக்குப் புதுச்சேரி நகராட்சியில் போய் நின்றால் ஒரு நாள் வீண். அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து. பெரிய சாலைகளின் ஓரத்து மரங்களுக்குப் பொதுப்பணித் துறையில் கேட்க வேண்டும். கடலூரில் நகரத்துக்குள் மாநகராட்சி, மற்ற சாலைகளில் மாநில நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள், புறம்போக்கு நிலத்தில் என்றால் வருவாய்த் துறை, அதாவது முதலில் கிராம நிர்வாக அலுவலர். கோயில் வாசல் மரம் என்றால் கோயிலை நிர்வகிக்கும் துறையைக் கேட்க வேண்டும்.

கடலூர்ப் பக்கம் கவனிக்க வேண்டிய இன்னொன்று 2சி பட்டா. நிலம் அரசுப் புறம்போக்காக இருந்தாலும் அதில் நிற்கும் மரங்களின் பலனை அனுபவிக்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுக்கும் பட்டா இது. புளியமரம், பனை மாதிரியான மரங்களுக்குப் பல கிராமங்களில் இப்படி ஒருவர் இருப்பார். நீங்கள் அலுவலகத்தில் எல்லாம் சரி செய்துகொண்டு வந்து நிற்கும்போது அவர் வந்து "மரம் என்னோடது" என்பார், அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. மனு: மழைக்காலத்துக்கு முன்பே

நம் கடற்கரையில் மரம் அதிகம் விழுவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. மழைக்கு முன்பு, மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும் பணியும் நடக்கும். எனவே ஆகஸ்ட் மாதமே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

மனுவில் குறிப்பிட்ட ஒரு மரத்தைக் கேட்காதீர்கள். "காற்றில் விழும் அல்லது துறையால் அகற்றப்படும் மரங்களில், விறகாகக் கழிக்கப்படும் துண்டுகளைக் கைவினைப் பயன்பாட்டுக்காக, துறை நிர்ணயிக்கும் தொகையைச் செலுத்திப் பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன், எடுத்துச் செல்லும் செலவை நானே ஏற்கிறேன்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லும் அங்கே வேலை செய்கிறது. "மரம் வேண்டும்" என்று எழுதினால் யாரோ மரம் வெட்ட அனுமதி கேட்கிறார்கள் என்று கோப்பு வேறு பக்கம் போய்விடும். தமிழ்நாட்டில் அரசு நிலத்து மரத்தை வெட்டுவது மாவட்டப் பசுமைக் குழு வரை போகும் விஷயம். நீங்கள் கேட்பது ஏற்கெனவே கீழே கிடப்பதை.

கூடவே வைக்க வேண்டியவை: ஆதார் நகல், கைப்பேசி எண், நீங்கள் கடைந்த பொருளின் இரண்டு புகைப்படங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். மரக் கிண்ணத்தின் படத்தைப் பார்த்த பிறகுதான் எதிரே இருப்பவருக்கு நீங்கள் மரவியாபாரி இல்லை என்று புரியும். மனு இரண்டு நகல், ஒன்றில் முத்திரையும் வரவு எண்ணும் போட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் மறுமுறை போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடலூரில் பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம். அங்கே பதிவாகும் மனுவைத் துறைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்.

3. உண்மையில் கட்டை கிடைப்பது ஏலம் எடுத்தவரிடம்

இதுதான் எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது, உங்களுக்கு முதல் நாளே தெரிய வேண்டும். வெட்டிய மரத்தைத் துறைகள் சில்லறையாக விற்க விரும்புவதில்லை. ஒன்று சேர்த்து ஏலம் விடுவார்கள், முன்பணம் கட்ட வேண்டும், வரி தனி, குறித்த நாளுக்குள் முழுவதையும் காலி செய்ய வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஐந்தாறு துண்டு. முழு ஏலத்தில் நீங்கள் இறங்கினால் மீதி இலை, சுள்ளி, வேர்க்கட்டை எல்லாம் உங்கள் தலையில் விழும்.

ஆகவே ஏல அறிவிப்பில் போட்டிருக்கும் நாளில் போய் நில்லுங்கள், யார் எடுக்கிறார் என்று பாருங்கள், அவரிடம் பேசுங்கள். அவர் கணக்கு போட்டிருப்பது நேரான அடிமரத்துக்கும் எடைக்கு விற்கும் விறகுக்கும். இரண்டு கிளை பிரியும் கவை, முடிச்சு விழுந்த பகுதி, வேர் புடைத்த அடிக்கட்டை இவையெல்லாம் அவருக்குத் தொல்லை. கோடரியில் பிளக்காது, மில்லில் பலகை வராது. கடைசல் செய்கிறவருக்கோ அவைதான் தங்கம், கவைக்குள்தான் இழை பின்னிக்கொண்டு மயிலிறகு மாதிரி ஓடும். விறகு விலையைவிடக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், அவரும் சந்தோஷப்படுவார். அடுத்த முறை மரம் எடுக்கும்போது அவரே உங்களுக்குப் போன் செய்வார்.

அவரிடமிருந்து இரண்டு காகிதம் வாங்க மறக்காதீர்கள்: அவருடைய ஏல ரசீதின் நகல், "இன்ன தேதியில் ஏலம் எடுத்த மரத்தில் இத்தனை துண்டுகளை இன்னாருக்கு விற்றேன்" என்று கையெழுத்திட்ட சீட்டு. துறையில் நேரடியாகப் பணம் கட்டினாலும் செலான் அல்லது ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத கட்டைக்கு வழியில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

விலையை விறகு என்றால் டன் கணக்கிலும், அடிமரம் என்றால் கன அடியிலும் பேசுவார்கள். உருட்டுக் கட்டைக்கு மரவாடிக் கணக்கு இது: சுற்றளவை அங்குலத்தில் அளந்து நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றளவு, 6 அடி நீளம் என்றால் 6 கன அடி. இந்தக் கணக்கு உண்மையான கொள்ளளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துக் காட்டும், அறுக்கும்போது போகும் சேதாரத்துக்காக அப்படி. அளவு டேப்பை நீங்களே கொண்டுபோங்கள்.

4. எந்த மரத்துக்கு அலையலாம்

பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே கருஞ்சிவப்பாக வைரம் (நடுவில் இருக்கும் முற்றிய மரம்) ஓடும், கூரான கவுஜுக்கு, அதாவது குழிந்த கடைசல் உளிக்கு, அழகாக வழிந்து வரும், மெருகு ஏறும். தூங்குமூஞ்சி மரம் புதியவர்களுக்கு நல்ல ஆசிரியர், காய்ந்தால் சுருங்குவது மிகக் குறைவு என்பதால் பச்சையிலேயே கடைந்தாலும் பெரிதாகக் கோணாது. சாக்லேட் நிற வைரமும், பட்டையை ஒட்டிய வெளிர்மஞ்சள் வெளிறும் சேர்ந்து ஒரே தட்டில் இரண்டு நிறம் கிடைக்கும். வாகையும் நல்ல மரம், ஆனால் அதன் தூசு தும்மலைக் கிளப்பிவிடும், முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது. வேம்பின் தூசும் அப்படித்தான், கசப்பு தொண்டை வரை இறங்கும். நாட்டு வாதுமை, மகோகனி, நாவல் எல்லாம் தாராளமாக எடுக்கலாம். நுணா சின்னதாகத்தான் கிடைக்கும், அதன் மஞ்சள் நிறத்துக்காகவே எடுத்து வையுங்கள்.

மா மரமும் புங்கையும் வாரக்கணக்கில் காத்திருக்காது. வெளியே போட்டால் நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். எடுத்தால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். புளி இரும்பு மாதிரி, அதனால்தான் கறிக்கடை வெட்டுக்கட்டைக்கு அதைத் தேடுகிறார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் அது உளியைத்தான் தின்னும்.

வேண்டாதவை: குல்மோகர், அரசு, ஆல். மென்மையாக இருக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும், வண்டி வாடகைக்குக்கூடத் தேறாது. அரளி, எட்டி இரண்டும் விஷம், உணவு வைக்கும் பாத்திரத்துக்கு ஒருபோதும் வேண்டாம். சந்தனமோ செம்மரமோ என்று சந்தேகம் வந்தால் கையே வைக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். அதற்கான சட்டம் வேறு, அனுமதி வேறு. தேக்குக்கும் எடுத்துச் செல்ல அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் கேட்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

5. அறுக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்

மரம் அறுக்கும் மெஷின்காரர் தன் வசதிக்குத் துண்டு போடுவார், அவருக்குக் கவையை நடுவில் அறுப்பதுதான் சுலபம். "அண்ணே, இந்தக் கவைக்கு ரெண்டு பக்கமும் ஒரு அடி விட்டு அறுத்துக் குடுங்க, தனியா ஏதாவது தர்றேன்" என்று முன்கூட்டியே சொன்னால் கேட்பார். அறுத்து முடித்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

நீளம் முக்கியம். உங்கள் லேத்தில் 12 அங்குல விட்டம் சுழலும் என்றால் துண்டு குறைந்தது 15 அங்குலம் இருக்கட்டும், இரண்டு முனையிலும் வெடிக்கும் பகுதியை அப்புறம் வெட்டித் தள்ள இடம் வேண்டும். முடிந்தால் மூன்றடித் துண்டாகவே எடுத்து வந்து வீட்டில் அறுப்பது மேல், வெட்டுமுகம் குறைந்தால் வெடிப்பும் குறையும்.

புயல் சமயத்தில் ஓர் எச்சரிக்கை. தீயணைப்பு வீரர்களும் மின்துறை ஊழியர்களும் வேலை செய்யும் இடத்தில் போய்க் கட்டை கேட்டு நிற்காதீர்கள். மின்கம்பி அறுந்து கிடக்கும், சாய்ந்த மரத்தில் கிளைகள் வில்லாக வளைந்து நிற்கும், அறுத்த நொடியில் எகிறும். வழி திறந்து, துண்டுகளை ஓரம் ஒதுக்கிய பிறகு வரவு எண் போட்ட மனு நகலோடு போங்கள்.

6. ஆணி

தெரு மரத்தின் உண்மையான எதிரி ஆணிதான். டியூஷன் விளம்பரப் பலகை, கட்சித் தோரணம், மின்விளக்குச் சரம், மாடு கட்டிய வளையம், மரம் விழுங்கிவிட்ட இரும்பு வேலி எல்லாம் உள்ளே இருக்கும். பட்டை மூடிவிட்டால் வெளியே தெரியாது. மர அறுவை மில்களில் தெரு மரம் என்றாலே முகம் சுளிப்பார்கள், வாள் உடைந்தால் அதன் விலையை உங்களிடம்தான் கேட்பார்கள். மில்லுக்குப் போகும் முன் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ரசீது நகலையும் அங்கே கேட்பார்கள், கொண்டுபோங்கள்.

தரையிலிருந்து ஏழு அடி உயரம் வரை உள்ள பகுதியில்தான் பெரும்பாலும் ஆணி. வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஒரு தீற்றல் ஓடினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது, மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அந்த நிறம் வருகிறது. கையடக்கமான மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், நான் 1,500 ரூபாய்க்குள் வாங்கினேன். காந்தம் ஆழத்தில் உள்ளதைக் காட்டாது. சுழலும் லேத்தில் உளி ஆணியில் பட்டால் உளி மட்டும் கெடாது, கை போகும்.

7. வண்டி

ஒரு அடி விட்டம், மூன்று அடி நீளமுள்ள பச்சைக் கட்டை 60 கிலோவை ஒட்டி வரும். ஒன்றரை அடி விட்டம் என்றால் 130, 140 கிலோ. இரண்டு பேர் தூக்க முடியாது, உருட்டி ஏற்ற இரண்டு பலகையும் ஒரு கயிறும் வேண்டும். குட்டி யானை முக்கால் டன் வரை தாங்கும், அதற்கு மேல் ஏற்றச் சொல்லி ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். உள்ளூருக்குள் எனக்கு ஆனது 800 முதல் 1,500 ரூபாய், மெஷினோடு வரும் ஆளுக்கு நாள் கூலி 2,000 முதல் 3,000. புயல் முடிந்த வாரத்தில் இரண்டுமே ஏறிவிடும், ஆளும் கிடைக்காது.

புதுச்சேரி, கடலூர் எல்லை பின்னிக் கிடப்பது தெரிந்ததுதான். கிருமாம்பாக்கத்தில் ஏற்றிய கட்டை மஞ்சக்குப்பம் போவதற்குள் யூனியன் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும். மாநில எல்லை தாண்டும் மரத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று ஏற்றும் முன் வனத்துறையில் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ரசீது, விற்பனைச் சீட்டு இரண்டின் நகலும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். பகலில் மட்டும் ஏற்றுங்கள், இரவில் மரம் ஏற்றிய வண்டியை யாரும் நல்லெண்ணத்தோடு பார்ப்பதில்லை.

8. அன்றைக்கே மெழுகு

கட்டை வீடு வந்ததும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று போர்வை போர்த்திவிட்டுத் தூங்கக் கூடாது. வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும், முனை மட்டும் காய்ந்து சுருங்கி நட்சத்திரமாக வெடிக்கும். மே மாத வெயிலில் அரை நாளே போதும்.

பாரபின் மெழுகை உருக்கி இரண்டு முனையிலும் தடிப்பாகப் பூசுங்கள். அடுப்பில் நேரடியாக வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், மெழுகு தீப்பிடிக்கும். மெழுகு இல்லையென்றால் மரவேலைப் பசையை இரண்டு மூன்று தடவை பூசலாம். பழைய பெயின்ட்டும் ஓரளவு தாங்கும்.

அடுத்து, நடுப்புள்ளியை எடுத்துவிடுங்கள். வெட்டுமுகத்தில் மையமாகத் தெரியும் அந்தப் புள்ளி கட்டையில் இருக்கும் வரை வெடிப்பு நிற்காது, ஏனென்றால் மரம் வட்டத்தின் போக்கில் சுருங்குவது ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுப்புள்ளி வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அதன் இரு பக்கமும் ஓர் அங்குலம் சீவி எறிந்தால் இரண்டு கிண்ணத்துக்கான கட்டை தயார். நிழலில், தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றிவைக்காதீர்கள், நம் கடற்கரைக் காற்றுக்குச் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

9. பச்சையில் ஒரு தடவை, காய்ந்தபின் ஒரு தடவை

முழுக் கட்டையாகக் காயவைத்து அப்புறம் கடையலாம் என்றால் வருஷக்கணக்கில் ஆகும், பாதி வெடித்தும் போகும். பச்சையிலேயே தடிப்பாக ஒரு தடவை கடைந்துவிடுங்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம். அப்புறம் அதைக் காகிதப் பையில் அதே மரத்தின் சீவலோடு போட்டு மூடி, மின்விசிறிக் காற்று படாத மூலையில் வைத்துவிடுங்கள்.

சொந்த லேத் இல்லாதவர்கள் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், ஆனால் முதலில் கேளுங்கள். கட்டில் கால், ஊஞ்சல் தூண் என்று இரண்டு முனைக்கு நடுவில் வைத்துக் கடைவதில் கைதேர்ந்தவர்கள் பலர், கிண்ணம் குடைவதற்கான பிடிப்பான் அவர்கள் லேத்தில் இருக்காது. பச்சை மரமென்றால் பட்டறையெல்லாம் ஈரமாகிறது என்று மறுக்கிறவர்களும் உண்டு.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, தேதியோடு கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் எடை திரும்ப ஏறுவதும் உண்டு, பதற வேண்டாம், ஜனவரிக்குப் பின் முடிவு செய்யுங்கள். நம் ஊர்க் காற்றில் மரம் 12 முதல் 14 சதவீத ஈரத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. ஆகவே பெங்களூருக்கோ, எப்போதும் ஏசி ஓடும் வீட்டுக்கோ கொடுக்கப்போகும் கிண்ணத்தை, அதேபோன்ற அறையில் சில வாரம் வைத்துவிட்டுக் கடைசிக் கடைசல் செய்யுங்கள்.

காய்ந்தது முட்டை வடிவத்துக்குக் கோணியிருக்கும், ஓர் அங்குலம் தடிமன் விட்டது அதற்காகத்தான். திரும்ப லேத்தில் ஏற்றி வட்டமாக்கி, அரை அங்குலத்துக்குக் கீழே கொண்டுவந்து உப்புத்தாள் போடுங்கள். கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது, அது பெரும்பாலும் வெளிறில்தான் குடியிருக்கும், அந்தப் பகுதியை முழுவதும் கடைந்து தள்ளுங்கள். உணவு வைக்கும் பாத்திரத்தில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் இறுகாது, நல்லெண்ணெய் சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். கொதிக்கவைத்து உலோக உப்பு கலந்து விற்பது வேண்டாம், எதுவும் கலக்காத பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு போடுங்கள். மூன்று நான்கு பூச்சு வேண்டும், முழுதாக இறுக ஒரு மாதமாவது ஆகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் கொடியில் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.